லாக் ரிங்

முன்னால் இரண்டு, பின்னால் நாலு.
ஒன்றுகூட ரிம்மை விட்டு வரவில்லை.

கட்டபெட்டு தாண்டி மூன்றாம் வளைவில் வீடு.
வாசலில் இந்த லாரி நின்றால்
வாசல் தீர்ந்தது.
இலைத் தொழிற்சாலையில் பதினெட்டு வருஷம்
இதன் டீசல் கணக்கை எழுதியவள் நான்.
ஏலத்தில் நாற்பத்தோராயிரம் சொன்னதும் நான்தான்,
வேறு யாரும் வாய் திறக்கவில்லை.
மழையிலேயே நின்ற வண்டி.
ரப்பர் எங்கே முடிகிறது
இரும்பு எங்கே தொடங்குகிறது என்று
விரலுக்குத் தெரியவில்லை.

டயர்க்கடை ஜமால்தீன் எட்டிப் பார்த்து
கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.
"லாக் ரிங் வெச்ச ரிம்மா? வேணாங்க.
அன்னூர்ல ஒருத்தனுக்கு அந்த வளையம் பறந்து வந்து
தாடையே போச்சு."

தாடை எனக்கும் தேவை.
அதனால் முதலில் காற்று.

வால்வின் ஊசியைத் திருகி எடுத்தேன்.
பெரிதாகச் சீறவில்லை.
ஈரச் சாக்கை உதறினாற்போல் ஒரு வாடை.
மேட்டுப்பாளையம் பம்பில் அடித்த காற்றாக இருக்கும்,
அந்த ஊர்ச் சூடு கொஞ்சம் மிச்சமிருக்குமா என்று
கையை வைத்துப் பார்த்தேன்.
பனி.
மெல்லிய கம்பியை உள்ளே விட்டு
வழி அடைக்கவில்லை என்று உறுதி செய்தபின்தான்
முகத்தைக் கிட்டே கொண்டுபோனேன்.

சோப்புத் தண்ணீர்.
இரண்டு ராத்திரி டீசல்.
கடப்பாரையை ஓரத்தில் கொடுத்துச்
சம்மட்டியால் ஒரு போடு.
போட்ட வேகத்திலேயே சம்மட்டி திரும்பி வந்தது,
கடன் கேட்கப் போன ஆள் மாதிரி.

அடி போதாது, எடை வேண்டும்.
லாரிக்கு அடியிலேயே வைத்து அழுத்தலாம்,
ஆனால் அது மரக்கட்டைகள்மேல் நிற்கிறது.
கட்டைகளை நான் நம்பவில்லை.

ஜீப் இருப்பது போஜன் வீட்டில்.
போஜனோடு நாலு வருஷமாகப் பேச்சில்லை.
அவர் கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய்
என் கேரட் பாத்தியைப் பார்த்து வாய் பிளந்து நிற்கிறது.
அதைத் திருப்பச் சொன்ன நாள்தான்
கடைசியாகப் பேசிய நாள்.

வேலியோரம் நின்று என் நாயிடம் சொன்னேன்,
"கறுப்பா, யாராவது ஜீப் வெச்சிருந்தா
அரைமணி நேரம் போதும்டா."
கறுப்பன் வாலை ஆட்டினான்.
அந்தப் பக்கம் போஜன்
தன் கோழியிடம் சொன்னார்,
"ஜாக்கி இருக்குது. பத்து டன்னு."

ரிவர்ஸில் வந்தார். கண்ணாடியைத்தான் பார்த்தார்.
ஜீப்பின் பின்பக்கச் சட்டத்துக்குக் கீழே டயர்,
ரிம்மை ஒட்டி ரப்பர்மேல் ஒரு பலகைத் துண்டு,
அதன்மேல் ஜாக்கி.
ஜீப்பைத் தூக்கப் பார்க்கிறது ஜாக்கி.
ஜீப் எழ மனமில்லாமல் முனகுகிறது.
நடுவில் டயர்,
இரண்டு பேர் சண்டையில் மாட்டியதுபோல்
கொஞ்சம் கொஞ்சமாகக் குனிகிறது.

பிறகு அந்தச் சத்தம்.
கீழே தேயிலைக்குள் நின்ற காட்டெருமை
தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது.
போஜனும் நானும் அதைப் பார்த்தோம்.
ஒருவரை ஒருவர் பார்க்காமலிருக்க
நல்ல வசதி.

வளையத்தின் வெட்டுவாயில் இரண்டு நெம்புகோல்.
நான் ஒதுங்கி நின்றேன், அவரும் ஒதுங்கி நின்றார்,
எதிரெதிர்ப் பக்கம்.
பல் பிடுங்கினாற்போல் வளையம் வந்தது.
உள்ளே கைப்பிடி கைப்பிடியாகத் துரு.
எங்கள் தொழிற்சாலையின் மூன்றாம் தரத் தூளுக்கு
இந்த நிறம் ஒருநாளும் வந்ததில்லை.

ஜீப் போயிற்று.
ஜாக்கி இங்கேயே கிடக்கிறது.
மறந்தாரா, மீதி ஐந்தை எண்ணினாரா,
கேட்க முடியாது.

ராத்திரி மழை.
குழாய் வழியே அவர் கூரை முழுவதும்
என் கேரட்டுக்குள் இறங்குவது
படுத்தபடியே கேட்கிறது.
காலையில் கறுப்பனிடம் இதைச் சொல்ல வேண்டும்,
கொஞ்சம் சத்தமாக.